வெயிலைச் சேமிக்கும் வாலை

கடற்கரை ஊரில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்பது ஒரு விந்தையான துன்பம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர்தான். ஆனால் நாவில் வைக்க ஒரு மிடறு இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோரச் சிற்றூர்களில் மணலைத் தோண்டி, ஊற்றுக்கண்ணில் மெல்ல ஊறும் நீரைச் சிரட்டையால் முகந்து முகந்து குடத்தில் ஊற்றும் பெண்களைப் பார்த்தவர்கள் நம் கல்லூரியில் பலர் இருப்பார்கள். என் அப்பத்தாவும் அப்படி நீர் முகந்தவர்தான்.

சென்ற கோடை விடுமுறையில், எங்கள் துறை மாடியில் நண்பர்கள் இருவரும் நானும் சேர்ந்து வெயிலில் வடித்தெடுத்த நீரை ஒரு சீசாவில் அடைத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு மிடறு குடித்துப் பார்த்தார். “மழைத்தண்ணி மாதிரி இருக்கப்பா. ஆனா ஒரு கொடம் நெறைய எத்தன நாளாகும்?” என்று கேட்டார்.

நான் மனத்துக்குள் கணக்கிட்டேன். 15 லிட்டர் குடம். நாளொன்றுக்கு எங்கள் பெட்டி தருவதோ மூன்று லிட்டருக்கும் குறைவு. “அஞ்சாறு நாள் ஆகும் அப்பத்தா” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சீசாவைத் திருப்பித் தந்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை. கதிரவன் வெப்பத்தால் உப்புநீரைக் குடிநீராக்கும் முறை எவ்வாறு இயங்குகிறது, அதன் குறை யாது, பகல் வெப்பத்தைச் சேமித்து இரவிலும் பயன்படுத்தினால் அக்குறை தீருமா என்பனவற்றை என் சக மாணவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

வாலை இயங்கும் விதம்

வடித்திறக்கும் கருவிக்கு ‘வாலை’ என்பது நம் பழைய பெயர். கதிரவனால் இயங்கும் வாலை மிக எளிய கருவி. கறுப்புச் சாயம் பூசிய ஓர் ஆழமற்ற தட்டு, அதில் உப்புநீர், மேலே சாய்வாக ஒரு கண்ணாடி மூடி, கண்ணாடியின் தாழ்ந்த விளிம்பில் நீர் வழிந்தோட ஒரு சிறு வாய்க்கால். இவ்வளவுதான். கண்ணாடியின் வழியே புகும் வெயிலைக் கறுப்புத் தட்டு உறிஞ்சுகிறது. நீர் சூடேறி ஆவியாகிறது. உப்பு ஆவியாவதில்லை, தட்டிலேயே தங்கிவிடுகிறது. ஆவி, நீரைவிடக் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுத் துளிகளாகி, சரிவில் வழிந்து வாய்க்காலில் சேர்கிறது. கடல், மேகம், மழை என்று இயற்கை நாள்தோறும் நடத்தும் வேலையை ஒரு பெட்டிக்குள் அடக்கிவிட்டோம் எனலாம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. குடிநீரில் கரைந்துள்ள பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நலம் என்பதும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 மில்லி கிராம் வரை ஏற்கலாம் என்பதும் இந்தியத் தர நிறுவனத்தின் வரையறை. வாலையில் வடித்த நீரில் உப்பு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். புளூரைடு போன்ற தீங்கு தரும் உப்புகளும் தட்டிலேயே நின்றுவிடுகின்றன.

முன்னோடிகள்

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1872 ஆம் ஆண்டிலேயே தென் அமெரிக்காவில், இன்றைய சிலி நாட்டுப் பகுதியில், லாஸ் சாலினாஸ் என்னும் பாலைநிலச் சுரங்கப் பகுதியில், சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் கதிரவ வாலைகளை வரிசை வரிசையாக அமைத்தார். கண்ணாடிப் பரப்பு ஏறத்தாழ 4,700 சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் 20,000 லிட்டருக்கு மேல் நன்னீர் கிடைத்தது. அங்கே நிலத்தடியில் கிடைத்த நீர் கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பானது. அதையும் அந்த வாலைகள் வடித்துத் தந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை இயங்கின என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

நம் நாட்டில், குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் உழைத்துள்ளது. 1978 இல் அவ்வூருக்கு அருகே ஆவானியா என்னும் சிற்றூரில், நாளொன்றுக்கு 5,000 லிட்டர் வடிக்கத்தக்க வாலைத் தொகுதி அமைக்கப்பட்டது. இந்நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையம் நம் மண்டபத்தில் இருப்பதை இவ்வட்டாரத்தார் அறிவர்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தவர் மரியா டெல்கெஸ் அம்மையார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அறிவியலார். இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் வீழ்ந்த விமானிகளும் மாலுமிகளும் உயிர் பிழைக்க உதவும்படி, காற்றடைத்து மிதக்கவிடும் சிறு கதிரவ வாலை ஒன்றை வடிவமைத்தார். பின்னர் 1948 இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டோவர் என்னுமிடத்தில், கதிரவ வெப்பத்தாலேயே குளிர்காலத்தைக் கழிக்கும் வீடு ஒன்றுக்கு வெப்ப அமைப்பை உருவாக்கினார். பகல் வெப்பத்தைச் சேமிக்க அவர் பயன்படுத்தியது கிளாபர் உப்பு, அதாவது படிக நீருடன் கூடிய சோடியம் சல்பேட்டு. அது 32 பாகை செல்சியசில் உருகும்போது வெப்பத்தை விழுங்கி, உறையும்போது உமிழும். சில குளிர்காலங்கள் சென்றபின் உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து போனதால் அம்முயற்சி நின்றுவிட்டது. வாலை ஒன்று, வெப்பச் சேமிப்பு மற்றொன்று என அவர் தனித்தனியே செய்த இரு பணிகளும் ஒன்றாகச் சேரும் இடமே நம் பொருள்.

ஒரு குடத்தின் கணக்கு

வாலை ஏன் இவ்வளவு குறைவாகத் தருகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் பகுதியில் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் கதிரவ ஆற்றல் ஏறத்தாழ 5.5 யூனிட்டு, அதாவது 20,000 கிலோ ஜூல். 60 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கத் தேவைப்படும் உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 2,350 கிலோ ஜூல். எனவே ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் 8.5 லிட்டர் நீர் கிடைக்க வேண்டும். உண்மையில் எளிய வாலை தருவது 2 முதல் 4 லிட்டர் வரையே.

எஞ்சிய வெப்பம் எங்கே போகிறது? கண்ணாடி கொஞ்சம் ஒளியைத் திருப்பியனுப்புகிறது. அடித்தட்டின் வழியாகவும் பக்கங்களின் வழியாகவும் வெப்பம் கசிகிறது. கண்ணாடியே சூடேறி வானத்தை நோக்கிக் கதிர்வீசுகிறது. காலையில் நீரைச் சூடாக்கவே ஒரு பங்கு செலவாகிறது. மாலையில் கதிரவன் மறைந்ததும் உற்பத்தி படிப்படியாக நின்றுவிடுகிறது. பகலில் நண்பகலை ஒட்டிய சில மணி நேரம் மட்டும் முழு மூச்சுடன் வேலை செய்து, மற்ற நேரமெல்லாம் சோம்பிக் கிடக்கும் தொழிலாளியைப் போன்றது வாலை.

இங்கேதான் சேமிப்பு என்ற எண்ணம் பிறக்கிறது. நண்பகலில் மிகுதியாகும் வெப்பத்தை ஏதேனும் ஒரு பொருளில் ஒதுக்கி வைத்து, இருட்டிய பின் அதைக் கொண்டு நீரை ஆவியாக்கினால் என்ன? இரவில் காற்று குளிர்ந்திருக்கும்; கண்ணாடியும் குளிர்ந்திருக்கும்; ஆவி எளிதில் படியும். இதை ஆவியழுத்தத்தைக் கொண்டு விளக்கலாம். நீரின் நிறைவுற்ற ஆவியழுத்தம் 65 பாகையில் 187 மில்லி மீட்டர் பாதரசம். 50 பாகையில் 92. 30 பாகையில் 32. நண்பகலில் நீர் 65 பாகையிலும் கண்ணாடி 50 பாகையிலும் இருந்தால் அழுத்த வேறுபாடு 95. இரவில் நீரை 50 பாகையில் நிறுத்தி வைக்க முடிந்து, கண்ணாடி 30 பாகைக்கு இறங்கியிருந்தால் வேறுபாடு 60. அதாவது நண்பகல் வேகத்தில் பாதிக்கு மேல் இருட்டிலும் இயலும். நீரை 50 பாகையில் நிறுத்தி வைக்க வெப்பம் வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

இருவகைச் சேமிப்பு

வெப்பத்தைச் சேமிக்கும் பொருள்கள் இருவகை. முதல் வகை, தன்வெப்பத்தால் சேமிப்பவை. கல், மணல், செங்கல், இரும்புத் துண்டு முதலியன வெப்பநிலை உயர்வதன் மூலம் வெப்பத்தை ஏற்கின்றன. இரண்டாம் வகை, உள்ளுறை வெப்பத்தால் சேமிப்பவை. மெழுகு, கொழுப்பு அமிலங்கள், படிக நீர் உள்ள உப்புகள் ஆகியவை உருகும்போது, வெப்பநிலை பெரிதும் மாறாமலே, ஏராளமான வெப்பத்தை விழுங்குகின்றன.

நம் ஆய்வுக்கூடத்தில் நாப்தலீனின் குளிர்தல் வரைகோட்டை வரைந்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்து, 80 பாகையில் திடீரென்று சமதளமாக நிற்கும். அந்தச் சமதளத்தில் நாப்தலீன் உறைந்துகொண்டிருக்கிறது. உறையும்போது தன் உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. தேர்வுக்காக நாம் வரையும் அந்தப் படுக்கைக் கோடுதான் இந்த முழுத் துறைக்கும் அடித்தளம். வாலைக்கு வேண்டியது, 50 முதல் 60 பாகைக்குள் அத்தகைய சமதளம் உள்ள பொருள்.

பாரபின் மெழுகு அதற்குப் பொருத்தமானது. வகைக்கேற்ப 50 முதல் 60 பாகையில் உருகும். கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோ ஜூல் உள்ளுறை வெப்பம். நஞ்சு இல்லை, உலோகத்தை அரிக்காது, எத்தனை முறை உருகி உறைந்தாலும் குணம் மாறுவது குறைவு. சோடியம் அசிடேட்டு என்னும் நீரேறிய உப்பு 58 பாகையில் உருகுகிறது. கிலோவுக்கு 260 கிலோ ஜூல் அளவுக்குச் சேமிக்கிறது. ஆனால் உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே சென்றும் உறையாமல் திரவமாகவே நின்றுவிடும் பிடிவாதம் அதற்கு உண்டு. தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் லாரிக் அமிலம் 44 பாகையிலும், பால்மிட்டிக் அமிலம் 62 பாகையை ஒட்டியும் உருகும்.

இப்போது ஒப்பிடுவோம். 10 கிலோ கருங்கல்லை 20 பாகை சூடேற்றினால் அது சேமிப்பது 160 கிலோ ஜூல். அதே எடையுள்ள நீர் 840. அதே எடையுள்ள மெழுகு உருகினால் 2,000. இந்தக் கணக்கில் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. கல்லைவிடத் தண்ணீரே ஐந்து மடங்கு சிறந்த சேமிப்புப் பொருள்! அப்படியானால் வாலையில் கறுப்புக் கற்களைப் பரப்பினால் பயன் உண்டு என்கிறார்களே, அது எப்படி? கல் வெப்பத்தைச் சேமிப்பதால் வரும் பயன் சிறிதே. அது ஒளியை நன்கு உறிஞ்சுகிறது. நீரை விலக்கி இடத்தை அடைப்பதால் சூடேற்ற வேண்டிய நீரின் அளவைக் குறைக்கிறது. நீருக்கு வெளியே தலை நீட்டும் ஈரமான பரப்பு ஆவியாதலுக்குக் கூடுதல் இடம் தருகிறது. பெயர் சேமிப்பு, செயல் வேறு.

மாடியில் இரண்டு பெட்டிகள்

துறைத் தலைவரின் இசைவோடு மாடியில் இரண்டு வாலைகளை அமைத்தோம். ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர். மரச்சட்டம், தகரத் தட்டு, பளபளப்பு இல்லாத கறுப்புச் சாயம், தெற்கு நோக்கி 15 பாகைச் சாய்வில் சன்னல் கண்ணாடி. ஒன்று வெறும் வாலை; மற்றொன்று மெழுகு வாலை. இரண்டிலும் 5 செண்டி மீட்டர் ஆழத்துக்கு உப்புநீர் ஊற்றினோம்.

முதல் முயற்சி படுதோல்வி. மூடியுள்ள தகர டப்பாக்களில் மெழுகை நிரப்பி நீருக்குள்ளேயே வைத்திருந்தோம். உருகும்போது மெழுகு பத்தில் ஒரு பங்குக்கு மேல் பருக்கும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மூடிகள் பிதுங்கின. நீரைவிட இலேசான மெழுகு மேலே வந்து மிதந்து, மறுநாள் காலையில் நீரின்மேல் வெள்ளை ஆடை போர்த்தியிருந்தது. அந்த ஆடைக்கு அடியிலிருந்து ஆவி எப்படி வரும்? இரண்டு நாள் தட்டைச் சுரண்டிக் கழுவினோம்.

அடுத்த முறை தட்டையான அலுமினியப் பெட்டிகளில், பருக்க இடம் விட்டு, 20 கிலோ மெழுகை நிரப்பித் தட்டுக்கு அடியில் வைத்தோம். இருட்டிய பின் டார்ச்சு விளக்குடன் மாடிக்குச் சென்றோம். வெறும் வாலையின் கண்ணாடி ஏறத்தாழ ஓய்ந்திருந்தது. மெழுகு வாலையின் கண்ணாடியில் துளிகள் இன்னும் வழிந்துகொண்டிருந்தன. கதிரவன் இல்லாத இரவில் கதிரவ வாலை ஓடுகிறது! நாங்கள் மூவரும் ஆடாத குறைதான்.

மறுநாள் காலையில் இரண்டு குடுவைகளையும் அளந்தபோது மகிழ்ச்சி அடங்கிவிட்டது. மெழுகு வாலை இரவில் கூடுதலாகத் தந்தது உண்மை. ஆனால் பகலில் அது தந்தது வெறும் வாலையைவிடக் குறைவு. இரண்டையும் கூட்டினால் வெறும் வாலையே முந்தியிருந்தது. அடுத்த மூன்று நாள்களும் அதே முடிவுதான்.

வெப்பம் எங்கிருந்து வந்தது?

மனம் சோர்ந்து பேராசிரியரிடம் சென்றோம். அவர் எங்கள் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, ராத்திரி மெழுகு கொடுத்த வெப்பம் அதுக்கு எங்கிருந்து வந்தது?”

பகலில் விழுந்த அதே வெயிலிலிருந்துதான். மெழுகு வெப்பத்தைப் படைப்பதில்லை. கடனாக வாங்கித் திருப்பித் தருகிறது. 20 கிலோ மெழுகு சூடேறி முழுவதும் உருக ஏறத்தாழ 5,000 கிலோ ஜூல் வேண்டும். நாள் முழுதும் விழும் வெயிலில் அது கால் பங்கு. அவ்வளவையும் மெழுகு விழுங்கினால் நீரின் வெப்பநிலை பகலில் உயராது. 65 பாகைக்குப் போக வேண்டிய நீர் 50 பாகையை ஒட்டியே நின்றால் ஆவியழுத்தம் பாதியாகிவிடும் என்பதை மேலே கண்டோம். வெப்பநிலை உயர உயர, நீரிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஆவியாதலுக்குச் செல்லும் பங்கு கூடுகிறது. தாழ்ந்த வெப்பநிலையில் வீணாகும் பங்கே கூடுகிறது. ஆகவே உச்சியை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினால் எப்போதும் இலாபம் என்று நினைத்தது பிழை.

அடுத்து அவர், “தட்டுல எவ்வளவு தண்ணி ஊத்தினீங்க?” என்று கேட்டார். 5 செண்டி மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர். அதை 30 பாகையிலிருந்து 65 பாகைக்குக் கொண்டுவர 7,350 கிலோ ஜூல் தேவை. கரும்பலகையில் அந்த எண்ணை எழுதியதும் எங்களுக்கு உண்மை விளங்கியது. மெழுகைவிடப் பெரிய சேமிப்புப் பொருள் முன்பே பெட்டியில் இருந்திருக்கிறது. அது தண்ணீர்தான். ஏற்கெனவே சேமிப்பு மிகுந்திருந்த பெட்டியில் மேலும் சேமிப்பைத் திணித்திருக்கிறோம்.

அப்படியானால் சேமிப்பால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது எப்போது என்பதை அறிந்து செய்ய வேண்டும். நாங்கள் கற்றவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, கசிவை அடைக்க வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் வெப்பம் கசியும் பெட்டியில் சேமித்த வெப்பம், இரவில் நீருக்கு வருவதற்குள் தரைக்குப் போய்விடும். ஓட்டைக் குடத்தில் நீர் சேர்ப்பது போலத்தான். நாங்கள் தேங்காய் நாரும் மரத்தூளும் நிரப்பி ஐந்து விரற்கடைக் கனத்துக்கு உறை அமைத்தோம்.

இரண்டாவது, நீரின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். 1.5 செண்டி மீட்டர் ஆழமே போதும். அப்போது நீரைச் சூடாக்க 2,200 கிலோ ஜூல் போதுமாதலால் காலையிலேயே உற்பத்தி தொடங்கிவிடும். ஆனால் ஆழமற்ற நீர் மாலையில் சட்டென்று ஆறிவிடும். மெழுகுக்கு உண்மையான வேலை இங்கேதான் கிடைக்கிறது.

மூன்றாவது, மெழுகை அளவாக வைக்க வேண்டும். 20 கிலோவை 5 கிலோவாகக் குறைத்தோம். அது சூடேறி உருக ஏறத்தாழ 1,250 கிலோ ஜூல் போதும். நண்பகலில் நீர் நன்கு சூடேறிய பிறகே அது உருகும். அடித்தட்டு வழியாக வீணாகப் போகவிருந்த வெப்பத்தின் ஒரு பகுதியை அது பிடித்து வைக்கும்.

நான்காவது, வெயில் மிகுதியாகக் கிடைக்கும் அமைப்பில்தான் சேமிப்பு முழுப் பயன் தரும். வாலையோடு தனி வெப்பத் தகட்டையோ, ஒளியைத் திருப்பும் ஆடியையோ இணைத்தால், நண்பகலில் கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடேறி ஆவி படிவது தடுமாறும். அந்த மிகுதியைச் சேமிப்பது உண்மையான இலாபம். வருவாய் குறைந்த வீட்டில் சேமிப்பு என்பது பட்டினி. வருவாய் மிகுந்த வீட்டில்தான் அது செல்வம்.

இம்மாற்றங்களைச் செய்தபின், தெளிந்த வெயில் நாள்களில் மெழுகு வாலை சற்றே முந்தியது. மேகம் மூடிய நாள்களில் பின்தங்கியது. நாங்கள் அளந்தது சில நாள்களே. ஆகையால் இதை ஆய்வு முடிவு என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. கணக்கு சொன்ன திசையிலேயே பெட்டியும் நடந்தது என்று மட்டும் சொல்வேன்.

மெழுகின் குறையும் மருந்தும்

மெழுகின் பெருங்குறை, அது வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பது. அதன் வெப்பங்கடத்துதிறன் மீட்டருக்குப் பாகைக்கு ஏறத்தாழ 0.2 வாட்டு. அலுமினியத்துக்கு அது 200க்கு மேல். ஆயிரம் மடங்கு வேறுபாடு. இரவில் மெழுகு உறையத் தொடங்கும்போது, தட்டை ஒட்டிய பகுதி முதலில் உறைந்து, உள்ளே உருகியுள்ள மெழுகுக்குப் போர்வையாகிவிடுகிறது. உள்ளே செல்வம் இருந்தும் கதவு அடைத்துக்கொள்கிறது.

இதற்காகத்தான் ஆய்வாளர்கள் மெழுகுக்குள் உலோகத் தகடுகளைச் செருகுகிறார்கள். அலுமினியச் சீவல்களைக் கலக்கிறார்கள். காரீயகத்தையும், மிக நுண்ணிய உலோக ஆக்சைடுத் துகள்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எங்களுக்குக் கைக்கெட்டிய மருந்து, கடைசல் பட்டறையில் கழிவாக விழும் அலுமினியச் சுருள்கள். ஒரு பையளவு கேட்டு வாங்கி வந்து மெழுகில் புதைத்தோம். பெட்டியைத் தட்டையாக, மெழுகு ஒரு செண்டி மீட்டர் கனத்துக்கு மேற்படாமல் அமைப்பதும் நல்ல வழி.

இவ்விடத்தில் மற்றொரு வழியையும் குறிப்பிட வேண்டும். வாலையில் மிகப் பெரிய இழப்பு, ஆவி கண்ணாடியில் படியும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் காற்றோடு போவதுதான். அதையே பிடித்து அடுத்த அடுக்கிலுள்ள நீரை ஆவியாக்கினால்? 2020 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் சீனாவின் ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பத்து அடுக்குள்ள சிறு வாலை ஒன்றைச் செய்து, சதுர மீட்டருக்கு மணிக்கு 5.78 லிட்டர் என்ற வேகத்தை எட்டினர். வெப்பத்தைச் சேமிப்பது ஒரு கலை. ஒரே வெப்பத்தைப் பலமுறை பயன்படுத்துவது அதனினும் பெரிய கலை.

இதற்கும் இடம் உண்டா?

“கடல்நீரைக் குடிநீராக்கப் பெரிய ஆலைகள் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பெட்டி எதற்கு?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010 இலும், நெம்மேலியில் 2013 இலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஆலைகள் தொடங்கப்பட்டன. அவற்றில் நடப்பது எதிர்ச் சவ்வூடு பரவல். கடல்நீரை உயர்ந்த அழுத்தத்தில் சவ்வின் வழியே செலுத்துகிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு 3 அல்லது 4 யூனிட்டு மின்சாரம் போதும். வாலையிலோ ஆயிரம் லிட்டரை ஆவியாக்க 650 யூனிட்டு வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டர் கதிரவ மின்தகடு ஒரு நாளில் தரும் ஒரு யூனிட்டைக் கொண்டு, கணக்களவில், 250 லிட்டர் கடல்நீரை நன்னீராக்கலாம். நம் வாலை தருவது மூன்று லிட்டர். இதை மறைத்துப் பேசுவது அறிவியல் ஆகாது. ஊருக்கெல்லாம் நீர் தரச் சவ்வு முறையே ஏற்றது.

ஆனால் சவ்வுக்கு உயரழுத்த எக்கி வேண்டும். சவ்வு அடைத்துக்கொள்ளாமல் நீரை முன்கூட்டியே வடிகட்ட வேண்டும். பழுது பார்க்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஒன்று பழுதானால் ஊரே காத்திருக்க வேண்டும். வாலையைக் கொத்தனாரும் தச்சரும் சேர்ந்து செய்துவிடலாம். கண்ணாடி உடைந்தால் அடுத்த ஊர்ச் சந்தையில் வாங்கிப் பொருத்தலாம். கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பான நீரையும் அது வடிக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நாளெல்லாம் வெயிலில் நிற்கும் தொழிலாளிக்கும், தனித்த தீவில் ஒதுங்கும் மீனவருக்கும், ஆய்வுக்கூடத்துக்கு வடிநீர் தேவைப்படும் பள்ளிக்கும் அது பயன்படும்.

கிணற்றுநீர் சற்றே உவர்ப்பாக உள்ள இடத்தில் இன்னொரு வழியும் உண்டு. லிட்டருக்கு 3,000 மில்லி கிராம் உப்புள்ள கிணற்றுநீர் ஒரு பங்குடன் வடிநீர் ஐந்து பங்கு கலந்தால், கலவையில் உப்பு 500 மில்லி கிராமாகக் குறைந்துவிடும். ஐந்து லிட்டர் ஆறு லிட்டராகிறது. நீருக்குச் சுவையும் வருகிறது. கலக்கும் கிணற்றுநீரைக் கொதிக்க வைத்துக்கொள்ள வேண்டும். புளூரைடு போன்றவை மிகுந்த கிணறாயின் கலக்கவே கூடாது.

முடிவுரை

அப்பத்தாவின் கேள்விக்கு இப்போது என்ன விடை சொல்வேன்? ஒரு பெட்டி ஒரு குடத்தை நிரப்ப ஐந்து நாள் ஆகும் என்ற கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. மெழுகு அந்த ஐந்து நாளைச் சற்றுக் குறைக்கலாம், ஒரு நாளாக்கிவிடாது. ஐந்து பெட்டிகளைக் கூரைமேல் வைத்தால் நாளுக்கு ஒரு குடம். குளிக்கவும் துவைக்கவும் அது போதாது. ஐந்து பேர் குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் போதும். சிரட்டையால் முகக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு குடத்துக்காகத்தான் போகிறது என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் அறிவார்கள்.

இம்முயற்சியில் நான் பெற்ற பெரிய பயன் வேறு ஒன்று. இருட்டில் வழிந்த துளிகளைக் கண்டபோது நாங்கள் வென்றுவிட்டோம் என்று எண்ணினோம். அந்தத் துளிகள் பொய்யல்ல. ஆனால் பகலில் இழந்த துளிகளை நாங்கள் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் இலாபத்தோடு தெரியாத நட்டத்தையும் சேர்த்து எழுதுவதே கணக்கு என்பதை, பாடநூலில் படித்த ஆற்றல் அழிவின்மை விதி அன்றுதான் எனக்குக் கற்பித்தது.

நாங்கள் மூவரும் இந்த ஆண்டோடு கல்லூரியை விட்டுச் செல்கிறோம். இரண்டு பெட்டிகளும் துறை மாடியில் இருக்கின்றன. குறிப்பேடு ஆய்வுக்கூட அலமாரியில் உள்ளது. கண்ணாடியை இரவில் எப்படிக் குளிர்விப்பது, இரண்டாம் அடுக்கு ஒன்றை எப்படிச் சேர்ப்பது என்பன போன்ற வேலைகள் மிச்சமிருக்கின்றன. வாரம் ஒருமுறை தட்டிலுள்ள உப்பைக் கழுவ மறந்துவிடாமல், இளைய நண்பர்கள் அவற்றைத் தொடர வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மழைநீர் போலிருக்கிறது என்று சொன்ன அப்பத்தாவுக்கு, ஒரு நாள் ஒரு குடம் நிறையக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.